நில அதிர்வு ஆய்வும் கட்டடக் காப்பும்

நில அதிர்வு ஆய்வு என்பது தரையில் செயற்கையாக அதிர்வை உண்டாக்கி, அது ஆழத்துப் பாறை அடுக்குகளில் பட்டு மேலே திரும்பும் நேரத்தை ஜியோபோன் என்னும் உணர்கருவிகளால் பதிந்து, நிலத்தடி அமைப்பைக் கணிக்கும் முறை. எண்ணெய், எரிவாயு, நிலத்தடி வெப்பம் ஆகியவற்றைத் தேடுவோர் இதைப் பயன்படுத்துகின்றனர். அதிர்வு கீழே மட்டும் செல்வதில்லை. ஒரு வட்டத் தட்டு தரையை மேலும் கீழுமாக அதிர்த்தால் ஆற்றல் எப்படிப் பிரியும் என்று மில்லரும் பர்சியும் 1955இல் கணக்கிட்டனர். ஏறத்தாழ 67 விழுக்காடு தரையை ஒட்டிப் பரவும் ரேலே அலையாகிறது; 26 விழுக்காடு குறுக்கலை. ஆய்வாளர் பெரிதும் நாடும் நெட்டலைக்கு மிஞ்சுவது 7 விழுக்காடே. அக்கம்பக்கத்துச் சுவர்களை எட்டுவது அந்தப் பெரும்பங்குதான். ரேலே அலை மெல்லத்தான் தேயும். மண் உறிஞ்சுவதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், தொலைவு இரு மடங்கானாலும் வீச்சில் 70 விழுக்காடு எஞ்சியிருக்கும். இதனால் அதிர்வைக் கட்டுப்படுத்துவது ஆய்வுத் திட்டத்தின் உள்ளுறுப்பாகவே அமைய வேண்டியதாகிறது.

அதிர்வு மூலங்கள்

அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மாலெட் 1849இல் டப்ளினுக்கு அருகே கில்லினி கடற்கரை மணலில் வெடிமருந்தைப் புதைத்து வெடித்து, அதிர்வு பரவும் வேகத்தை அளந்தார். எதிரொளிப்பு முறையை ஜே. சி. கார்ச்சர் குழுவினர் 1921இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் சோதித்தனர். அதன்பின் நெடுங்காலம் துளையிட்டு டைனமைட் வைப்பதே வழக்கம். 1950களில் கானகோ நிறுவனம் வைப்ரோசைஸ் முறையை உருவாக்கியது. கனமான லாரி ஒன்று தன் வயிற்றிலுள்ள எஃகு அடித்தட்டைத் தரையில் ஊன்றி, நீரியல் விசையால் 10 முதல் 20 வினாடி வரை அதிர்த்தும். அதிர்வெண் தாழ்விலிருந்து உயர்வுக்கு, பெரும்பாலும் 8 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை, படிப்படியாக ஏறும். பெரிய லாரியின் உச்ச விசை 27 டன் எடைக்குச் சமம். வெடி ஒரு கணத்தில் முடிந்துவிடும். லாரியோ வீட்டின் இயல்பு அதிர்வெண்ணை ஒவ்வொரு முறையும் கடந்து செல்லும். தாழ்ந்த வீடுகளின் இயல்பு அதிர்வெண் பெரும்பாலும் 4 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் அடங்குகிறது. லாரியின் அலைவரிசை தொடங்குவதும் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான்.

வரம்பு பிறந்த வரலாறு

கட்டடம் எவ்வளவு அதிர்வைத் தாங்கும் என்ற கேள்விக்கு விடை தந்தவர்கள் எண்ணெய் ஆய்வாளர்கள் அல்லர். வெடிப்புகளின் விளைவை ஆராய்ந்தவர்கள். அமெரிக்கச் சுரங்கத் துறையின் தோனன், விண்ட்ஸ் இருவரும் 1942இல் வெளியிட்ட அறிக்கை முடுக்கத்தை அளவுகோலாகக் கொண்டது. புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் ஒரு பங்கைக் கடந்தால் எச்சரிக்கை. முழு அளவை எட்டினால் சேதம் என்றது அது. வெடிப்புக்கு அருகே சோதனைக்குரிய வீடுகள் போதிய அளவில் கிடைக்காததால், வீட்டுக்குள்ளேயே இயந்திர அதிர்விகளை வைத்துக் குலுக்கிப் பார்த்தார்கள். இன்றைய அதிர்வு லாரியின் விளைவுக்கு மிக நெருங்கிய பழஞ்சோதனை இது.

1949இல் கிராண்டெல், முடுக்கத்தின் வர்க்கத்தை அதிர்வெண்ணின் வர்க்கத்தால் வகுத்து 'ஆற்றல் விகிதம்' கண்டார். கணக்கை விரித்தால் அது திசைவேகத்தின் வர்க்கமே. 1958இல் சுவீடனின் லாங்கெஃபோர்ஸ், கில்ஸ்ட்ரோம், வெஸ்டர்பெர்க் மூவரும் மறைப்பில்லாமல் திசைவேகத்துக்கே வந்துசேர்ந்தனர். கெட்டிப் பாறையில் நின்ற கட்டடங்களில் வினாடிக்கு 71 மி.மீ. வரை விரிசல் தெரியவில்லை; 109இல் மெல்லிய விரிசல்; 231இல் கடும் சேதம். கனடாவின் எட்வர்ட்ஸ், நார்த்வுட் இருவருக்கும் அரிய வாய்ப்பு அமைந்தது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றுத் திட்டத்துக்காக இடிக்கப்படவிருந்த ஆறு வீடுகளைப் பக்கத்தில் வெடிவைத்தே சோதித்து, வினாடிக்கு 50 மி.மீ. பாதுகாப்பு வரம்பு என்று 1960இல் எழுதினர். அமெரிக்கச் சுரங்கத் துறை 1971இல் அதையே ஏற்றது.

திசைவேகம் என்பது இங்கே மண் துகள் அசையும் வேகம். அலை வினாடிக்குப் பல நூறு மீட்டர் ஓடும்போது துகள் சில மில்லிமீட்டர் வேகத்தில்தான் அசைகிறது. துகளின் வேகத்தை அலையின் வேகத்தால் வகுத்தால் மண் எவ்வளவு திரிகிறது என்பது கிடைக்கும். விரிசலை உண்டாக்குவது அந்தத் திரிபுதான். ஆகவே துகளின் உச்சத் திசைவேகமே சரியான அளவு.

ஆனால் எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒரே எண் என்பது தவறு. 76 வீடுகளில் 219 வெடிப்புகளை அளந்த சிஸ்கிண்ட் குழுவின் 1980ஆம் ஆண்டு அறிக்கை இதை நிலைநாட்டியது. 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே, காரைப் பூச்சுள்ள பழைய வீட்டுக்கு வினாடிக்கு 12.7 மி.மீ.; ஜிப்சம் பலகைச் சுவருக்கு 19 மி.மீ.; அதற்கு மேற்பட்ட அதிர்வெண்ணில்தான் 50 மி.மீ. ஜெர்மனியின் டின் 4150 தரம் இன்னும் கண்டிப்பானது: 10 ஹெர்ட்ஸுக்குக் கீழே குடியிருப்பின் அடித்தளத்தில் 5 மி.மீ., மரபுக் கட்டடத்துக்கு 3 மி.மீ. நீடித்த அதிர்வுக்கு அத்தரம் தனி வரம்பும் வைத்திருக்கிறது: மேல்தளத்தில் குடியிருப்புக்கு 5, மரபுக் கட்டடத்துக்கு 2.5 மி.மீ. அதிர்வு லாரிக்குப் பொருந்துவது இந்த நீடித்த அதிர்வு வரம்பே.

இந்தியாவில் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் 1997இல் விடுத்த 7ஆம் எண் சுற்றறிக்கை, சுரங்க உரிமையாளருக்குச் சொந்தமில்லாத வீடுகளுக்கு 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே 5 மி.மீ., 25 ஹெர்ட்ஸ் வரை 10 மி.மீ., அதற்கு மேல் 15 மி.மீ. என வகுத்தது. வரலாற்றுச் சின்னங்களுக்கு முறையே 2, 5, 10 மி.மீ. இது வெடிப்புக்காக எழுதப்பட்டது. ஆனாலும் காவிரிப் படுகை போன்ற தளர்ந்த வண்டல் நிலங்களில் எண்ணெய் ஆய்வு செய்வோரும் இதையே மேல் எல்லையாகக் கொள்வது தகும். அத்தகைய மண்ணில் தாழ்ந்த அதிர்வெண்ணே நெடுந்தொலைவு செல்கிறது.

கட்டுப்படுத்தும் முறைகள்

வெடிமருந்தில் முதல் கணக்கு தொலைவையும் எடையையும் இணைப்பது. தொலைவை, மருந்தின் எடையின் வர்க்கமூலத்தால் வகுப்பர். 50 மீட்டரில் 1 கிலோவும் 100 மீட்டரில் 4 கிலோவும் இக்கணக்கில் ஒன்றே. ஆனால் அந்த எண் எவ்வளவு அதிர்வாக மாறும் என்பதை மண்ணே முடிவு செய்வதால், ஊருக்கு வெளியே சிறு வெடிகளை வைத்து அந்த நிலத்துக்குரிய மாறிலிகளைக் காண்பது இன்றியமையாதது. வேறு ஊரின் மாறிலியைக் கடன் வாங்கக் கூடாது. துளை ஆழமானால் மேற்பரப்பு அலை குறையும்.

லாரிக்கு வழிகள் கூடுதல். விசையைப் பாதியாக்கினால் அதிர்வும் ஏறத்தாழ பாதியாகும். இரைச்சலை வெல்ல அதே இடத்தில் நான்கு மடங்கு முறை அதிர்த்திக் கூட்டினால் போதும். நேரம்தான் செலவு. பல லாரிகளை ஒருங்கே இயக்குவதைக் கைவிட்டு ஒன்றை மட்டும் இயக்கலாம். அலைவரிசையின் தொடக்கத்தை உயர்த்தி வீட்டின் இயல்பு அதிர்வெண்ணைத் தவிர்க்கலாம். இதனால் ஆழத்துச் செய்தி குறையும் என்ற மனக்குறை ஆய்வாளர்க்கு உண்டு. மனிதர் குடியிருக்கும் சுவருக்கு முன் அது சிறிய இழப்பு.

இடையில் அகழி வெட்டி அலையைத் தடுப்பது பலர் மனத்தில் முதலில் தோன்றும் வழி. அகழியின் ஆழம் அலைநீளத்தில் 0.6 பங்காவது இருக்க வேண்டும் என்று 1968இல் உட்ஸ் காட்டினார். வினாடிக்கு 200 மீட்டர் வேகமுள்ள மண்ணில் 10 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 20 மீட்டர். அகழி 12 மீட்டர் ஆழம் வேண்டும். நகர்ந்துகொண்டே இருக்கும் ஆய்வுக்கு இது ஆகாது.

எண்களெல்லாம் கட்டடத்தில் அளந்தால்தான் பொருள் பெறும். முத்திசை உணர்கருவியை அருகிலுள்ள கட்டடத்தின் அடித்தளத்தில் பதித்து, அளவீடு உடனுக்குடன் லாரி ஓட்டுநருக்குத் தெரியும்படி செய்து, வரம்பை எட்டும் முன்பே நிறுத்த வேண்டும். கிணறு, புதைகுழாய் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

மக்கள் உணர்வும் புகாரும்

வீட்டிலிருப்பவர் வினாடிக்கு 0.3 மி.மீ. அதிர்வையே உணர்ந்துவிடுவார், விரிசலுக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். அமெரிக்கச் சுரங்கத் துறை சோதனைக்கென ஒரு வீட்டைக் கட்டி 12.7 மி.மீ. அளவில் தொடர்ந்து குலுக்கியது. 56,000 சுழற்சிகளுக்குப் பின்னரே அதில் முதல் விரிசல் தோன்றியது என 1984இல் அறிவித்தது. வெயிலும் ஈரமும் சுவரில் உண்டாக்கும் திரிபு, 30 மி.மீ. முதல் 76 மி.மீ. வரையான அதிர்வுக்குச் சமம் என்றும் அதே அறிக்கை கூறுகிறது. ஆனால் சோதித்தது நன்றாகக் கட்டிய புது வீடு. மண்சுவருக்கும் ஏற்கெனவே விரிந்த காரைக்கும் இந்தத் தாங்கும் வலிமையை எதிர்பார்க்க இயலாது.

இன்றைய நிலை

மியூனிக் (2015–16), ஜெனீவா (2021) நகரங்களில் நிலத்தடி வெப்பம் தேடி லாரிகள் தெருக்களிலேயே ஆய்வு நடத்தின. தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டுச் சட்டம் காவிரி வடிநிலத்தின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வைத் தடை செய்கிறது.

ஆய்வு நடக்கும் இடங்களில் வீட்டுக்காரர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. லாரி ஊருக்குள் வருமுன்பே சுவர், தரை, கூரை, கிணறு ஆகியவற்றைத் தேதியுடன் படமெடுத்து, ஆய்வுக் குழுவின் கையொப்பம் பெற்ற படி ஒன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும்.