சித்தி ஏன் குங்கெல்வில் இருந்தார்?

அணுப்பிளவின் கதையை எங்கே வாசித்தாலும் ஒரு காட்சி தவறாமல் வந்துவிடும். 1938 கிறிஸ்துமஸ். ஸ்வீடனில் குங்கெல்வ் என்ற சின்ன ஊர். எங்கும் பனி. லீசே மெய்ட்னரும் அவருடைய அக்கா மகன் ஓட்டோ ஃபிரிஷும் வெளியே கிளம்புகிறார்கள். அவர் பனிச்சறுக்குக் கட்டைகளில் போகிறார். சித்தியோ நடந்தே அதே வேகத்தில் வருவேன் என்று சொல்லி, வரவும் செய்கிறார். வழியில் ஒரு மரத்தண்டின் மேல் உட்கார்ந்து துண்டுக் காகிதங்களில் கணக்குப் போடுகிறார்கள். யுரேனிய அணுக்கரு இரண்டாக உடைகிறது என்பது அங்கேதான் பிடிபடுகிறது.

இதில் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்த கேள்வி ரொம்ப சாதாரணமானது. மெய்ட்னர் வேலை பார்த்தது ஸ்டாக்ஹோமில். குங்கெல்வ் இருப்பது நாட்டின் மேற்குக் கரையில், கோதென்பர்க் பக்கத்தில். அங்கே ஏன் போனார்? பல இடங்களில் "நண்பர்களின் அழைப்பின் பேரில்" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அந்த நண்பர் யார் என்று தேடிப் போனால், அவரும் ஓர் இயற்பியலாளர்!

பெயர் எவா வான் பாஹ்ர். 1874-ல் பிறந்தவர், மெய்ட்னரைவிட நான்கு வயது மூத்தவர். 1909-ல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் டோசன்ட் ஆனார். டோசன்ட் என்றால் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தத் தகுதி பெற்றவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்வீடனில் இயற்பியலில் அந்தத் தகுதி பெற்ற முதல் பெண் அவர்தான். தகுதி கிடைத்ததே தவிர எதிர்காலம் கிடைக்கவில்லை. அரசுப் பணியிடங்கள் பெண்களுக்கு மூடியிருந்த காலம். ஆதரவாக இருந்த பேராசிரியர் க்னுட் ஆங்ஸ்ட்ரோம் 1910-ல் இறந்துவிட்டார். எவா பெர்லினுக்குப் போனார்.

அங்கே ஹைட்ரஜன் குளோரைடு வாயு அகச்சிவப்பு ஒளியை எப்படி உட்கவர்கிறது என்று அளந்தார். மூலக்கூறுகள் இஷ்டப்பட்ட வேகத்தில் சுழல்வதில்லை, படிப்படியான அளவுகளில்தான் சுழல்கின்றன என்பதை 1913-ல் வந்த அவருடைய அளவீடுகள் காட்டின. குவாண்டம் கொள்கை இன்னும் குழந்தையாக இருந்த நாட்களில் இது சின்ன விஷயம் இல்லை.

அதே பெர்லினில்தான் மெய்ட்னரும் இருந்தார். வியன்னாவில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு 1907-ல் வந்தவர். வேதியியல் கழகத்தின் மேல்மாடி ஆய்வகங்களுக்குள் பெண்களுக்கு அனுமதி கிடையாது. தரைக்குக் கீழே இருந்த பழைய தச்சுப் பட்டறையில்தான் ஓட்டோ ஹானோடு சேர்ந்து ஆராய்ச்சியைத் தொடங்கினார். இப்படிப்பட்ட இரண்டு பேர் நண்பர்களானதில் ஆச்சரியம் இல்லை.

1914-ல் எவா ஆராய்ச்சியை விட்டுவிட்டார். ஸ்வீடன் திரும்பி, மக்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியரானார், பிறகு கல்யாணம். இயற்பியல் வரலாற்றில் அவருடைய பக்கம் அங்கே முடிந்துவிடுகிறது. நட்பு முடியவில்லை. இரண்டு பேரும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது 1938-க்கு வருவோம். மெய்ட்னர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியதும் அவருடைய ஆஸ்திரியப் பாஸ்போர்ட் வெறும் காகிதமானது. ஜூலை 13 அன்று, டச்சு இயற்பியலாளர் டிர்க் கோஸ்டர் துணையோடு ரயிலில் எல்லை தாண்டினார். கையில் 10 மார்க் பணம். அவசரத்துக்கு உதவும் என்று ஹான் கொடுத்த, அவருடைய அம்மாவின் வைர மோதிரம். வயது 59. ஸ்டாக்ஹோமில் ஓர் இடம் கிடைத்தது. அந்த ஏற்பாட்டுக்காக ஸ்வீடனுக்குள் முயற்சி எடுத்தவர்களில் எவாவும் ஒருவர். ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் தேவையான கருவிகளும் இல்லை, உதவியாளரும் இல்லை.

முன்பெல்லாம் ஃபிரிஷ் கிறிஸ்துமஸுக்கு பெர்லின் போய் சித்தியோடு இருப்பார். அந்த வருஷம் பெர்லின் இல்லை. அவருடைய அப்பா நாஜிகளின் வதைமுகாமில் இருந்தார். தோழி தனியாக இருக்க வேண்டாம் என்று எவா குங்கெல்வுக்கு அழைத்தார். ஃபிரிஷ் கோபன்ஹேகனிலிருந்து வந்து சேர்ந்தார்.

சித்தி கையில் ஹானின் கடிதம். யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கினால் பேரியம் கிடைக்கிறது, இதற்கு என்ன விளக்கம் என்று கேட்டிருந்தார். ஃபிரிஷுக்குத் தன்னுடைய புதுப் பரிசோதனையைப் பற்றிப் பேச ஆசை. சித்தி விடவில்லை. ஹான் தவறு செய்திருக்கலாமே என்றார் ஃபிரிஷ். அந்தத் தவறைச் செய்யக்கூடிய வேதியியலாளர் இல்லை ஹான் என்பது மெய்ட்னரின் பதில். முப்பது வருஷம் கூட வேலை பார்த்தவருக்குத்தான் அந்த உறுதி வரும்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவரின் பழைய சரக்கும் வெளியே வந்தது. அணுக்கருவை ஒரு திரவத் துளியாகப் பார்ப்பது ஃபிரிஷ் இருந்த நீல்ஸ் போரின் கழகத்தில் புழங்கிய சிந்தனை. துளி நீண்டு, இடுப்பு ஒடுங்கி, இரண்டாகலாம். பிரிந்த துண்டுகள் ஒன்றையொன்று தள்ளும் ஆற்றல் சுமார் 20 கோடி எலக்ட்ரான் வோல்ட். அவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வரும்? அணுக்கரு நிறைகளைக் கணக்கிடும் முறை மெய்ட்னருக்கு மனப்பாடம். இரண்டு துண்டுகளும் சேர்ந்தாலும் பழைய கருவைவிட ஒரு புரோட்டானின் ஐந்தில் ஒரு பங்கு நிறை குறைகிறது. அதை ஆற்றலாக மாற்றினால் அதே 20 கோடி! நிறைக்கும் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பை 1909-ல் சால்ஸ்பர்க்கில் ஐன்ஸ்டைன் பேசி நேரில் கேட்டவர் மெய்ட்னர்.

ஃபிரிஷ் கோபன்ஹேகன் திரும்பி போரிடம் சொன்னார். ஜனவரி 13-ல் பரிசோதித்தும் பார்த்துவிட்டார். இருவரின் கட்டுரை 1939 பிப்ரவரியில் நேச்சர் இதழில் வந்தது. 1944-க்கான வேதியியல் நோபல் ஹானுக்கு மட்டும் போனது. மெய்ட்னருக்கு நடந்த இந்த அநியாயம் இன்று ஓரளவு எல்லாருக்கும் தெரியும். 109-ஆம் தனிமத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

எவாவைப் பற்றி யாரும் அப்படிச் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். அந்தக் கணக்கில் அவருக்குப் பங்கு இல்லை. ஆனால் எங்கள் மென்பொருள் வேலையில் எது எதை நம்பி ஓடுகிறது என்று கோடு போட்டுப் பார்ப்போம். இந்தக் கதைக்கு அப்படி ஒரு படம் போட்டால் ஹானின் கடிதம், ஃபிரிஷின் துளி, மெய்ட்னரின் கணக்கு மூன்றும் ஒரே மரத்தண்டில் வந்து சேர்வதற்கு ஒரு முனை தேவைப்படுகிறது. அந்த முனை, 24 வருஷத்துக்கு முன் ஆராய்ச்சியை விட்ட ஒரு பெண், நாடிழந்த பழைய தோழியைப் பண்டிகைக்குக் கூப்பிட்டது.

கடிதம் எப்படியும் ஸ்டாக்ஹோமுக்கு வந்திருக்கும். விடையும் சீக்கிரமே யாருக்காவது கிடைத்திருக்கும். அந்த வாரத்தில், அந்த இருவருக்குக் கிடைத்ததற்குக் காரணம் எவா. அவர் 1962-ல் காலமானார். இனிமேல் ஏதாவது புத்தகத்தில் "நண்பர்களின் அழைப்பின் பேரில்" என்ற வரி வந்தால், அந்த நண்பரின் பெயர் என்ன என்று கொஞ்சம் தேடிப் பாருங்கள்.