டிராயிங் மாஸ்டருக்கு என்ன படிப்பு?

மலர்க் குழுவிலிருந்து போன் செய்த தம்பி, "சார், உங்க காலத்து ஹாஸ்டல் கதை ஏதாவது நாலு பக்கம் எழுதுங்க" என்றுதான் கேட்டார். ஹாஸ்டல் கதைகளை எழுத என்னைவிடத் தைரியசாலிகள் பலர் உண்டு, அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். சென்ற சந்திப்பின்போது, சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இறுதியாண்டு மாணவி ஒருவர் கேட்ட கேள்வி என் மனசிலேயே நிற்கிறது. "சார், ஸ்கூல்ல டிராயிங் டீச்சரா போகணும்னா நம்ம பி.எஃப்.ஏ. போதுமா? டி.டி.சி.யும் வேணும்கிறாங்களே, அது என்ன?"

1978-இல் நம் கல்லூரியை விட்டு வெளியே வந்தபோது நானும் இதே கேள்வியைத்தான் கேட்டேன். பதில் கிடைக்க எனக்கு நான்கு வருஷம் ஆயிற்று. அந்தப் பெண்ணுக்குப் பந்தியில் பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்க முடியவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். ஆனால் இதைச் சொல்ல வேண்டுமானால் லண்டனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் ஓவியம் சொல்லித்தர ஒரு சர்டிஃபிகேட் வேண்டும் என்ற யோசனை ஓவியர்களுக்கு உதித்ததல்ல, வியாபாரத்தில் பிறந்தது. பிரிட்டிஷ் மில் துணிகளும் சாமான்களும் அழகில் பிரெஞ்சுக்காரர்களிடம் தோற்கின்றன என்று பார்லிமெண்ட் கமிட்டி ஒன்று 1835, 36-இல் விசாரணை நடத்தியது. அதன் பயனாக 1837-இல் லண்டன் சாமர்செட் ஹவுஸில் அரசாங்க டிசைன் பள்ளி ஒன்று தொடங்கினார்கள். அது தட்டுத் தடுமாறித்தான் நடந்தது. 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியை முன்நின்று நடத்திய ஹென்றி கோல் என்ற அரசாங்க அதிகாரியின் கைக்கு 1852-இல் இந்தக் கல்வி வந்தது. அவரும் ரிச்சர்ட் ரெட்கிரேவ் என்ற ஓவியரும் சேர்ந்து தேசம் முழுமைக்கும் ஒரே பாடத்திட்டம் வகுத்தார்கள். மொத்தம் 23 படிகள். முதல் படி, கருவிகளை வைத்துக் கோடு போடுவது. இரண்டாவது, அச்சடித்த படத்தைப் பார்த்து வெறும் கையால் வெளிக்கோடு வரைவது. பிறகு உருண்டைப் பொருளைப் பார்த்து வரைவது, நிழலிடுவது, சுண்ணாம்பு வார்ப்புச் சிலைகளைப் பார்த்து வரைவது... இப்படியே ஏறி ஏறி 22, 23-ஆம் படிகளில்தான் மாணவன் சொந்தமாக ஒரு டிசைன் போடலாம். அதுவரை காப்பிதான்!

இந்தப் படிகளில் செய்த வேலைகளைக் காட்டி, பரீட்சையும் எழுதித் தேறியவர்களுக்கு 'ஆர்ட் மாஸ்டர்' சான்றிதழ். அதற்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி, 1857-இல் தெற்கு கென்சிங்டனுக்குக் குடிபோனது. அதுவே பிற்பாடு 1896-இல் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் என்று பெயர் மாறியது. 1860-களில் இன்னொரு ஏற்பாடும் வந்தது. மாணவர்கள் பரீட்சையில் வாங்கும் ரிசல்ட்டைப் பொறுத்து மாஸ்டருக்குப் பணம். கேட்க வேண்டுமா? பரீட்சைக்கு வராத எதையும் எந்த மாஸ்டரும் சொல்லித்தரவில்லை. ஒரே ஒரு வார்ப்புச் சிலையைப் புள்ளி புள்ளியாக நிழல் வைத்து, ரொட்டித் துண்டால் அழித்து அழித்து, மாதக்கணக்கில் ஒரே தாளில் மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு மதிப்பெண் வினாவை மனப்பாடம் செய்வதும் இதுவும் ஒன்றுதான். சார்லஸ் டிக்கன்ஸ் 1854-இல் எழுதிய 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில், சுவரில் குதிரைப் படம் போட்ட காகிதம் ஒட்டக்கூடாது என்று பள்ளிப் பிள்ளைகளை மிரட்டும் ஓர் அதிகாரி வருவார். அது ஹென்றி கோலைக் கிண்டல் செய்ததுதான்.

இதெல்லாம் நமக்கு எதற்கு? இதோ வருகிறேன்.

அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ஆங்கிலேய டாக்டர் 1850-இல் தன் கைப்பணத்தைப் போட்டுச் சென்னையில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். மறு வருஷம் தொழிற்பள்ளி ஒன்றும் சேர்ந்தது. 1855-இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. அதுதான் நாம் படித்த கல்லூரி. பம்பாயில் ஜே.ஜே. பள்ளி 1857-இல்தான் வந்தது என்பதால் நாம் அவர்களுக்கும் மூத்தவர்கள். இதை ஜே.ஜே. நண்பர்களிடம் சொல்ல நான் எப்போதும் மறப்பதில்லை. ஆனால் பள்ளி நம்முடையதானாலும் பாடத்திட்டத்தின் காற்று தெற்கு கென்சிங்டனிலிருந்துதான் அடித்தது. பரிதாபம் என்னவென்றால், 1851 பொருட்காட்சியில் லண்டன்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்தது இந்திய நெசவையும் உலோக வேலையையும்! அவற்றை விலைக்கு வாங்கித் தங்கள் மியூசியத்தில் பாடமாக வைத்தார்கள். இங்கே நம் பிள்ளைகளுக்குக் கிரேக்கத் தலைகளின் வார்ப்பு வந்தது.

1884-இல் வந்த ஈ.பி. ஹாவெல் இந்த மண்ணின் கைவேலையின் பக்கம் திரும்பினார். 1896-இல் அவர் கல்கத்தா போய், அங்கே அவனீந்திரநாத் தாகூரோடு சேர்ந்து செய்தது ஊரறிந்த கதை. அவருக்குப் பின் சாட்டர்டன் காலத்தில், 1898-இல் நம் பள்ளிப் பட்டறையில்தான் அலுமினியப் பாத்திர வேலை ஆரம்பமானது. வீட்டில் அலுமினியக் குண்டானைப் பார்க்கும்போது ஒரு கும்பிடு போடலாம், தப்பில்லை.

இதற்கிடையில், 1880-களிலேயே சென்னை மாகாண அரசாங்கம் தொழில்நுட்பத் தேர்வுகளை ஏற்படுத்தியது. லோயர் கிரேடு, ஹையர் கிரேடு என்று நாம் இன்றும் சொல்லும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் வம்சம் அந்தக் காலத்தது. ஃப்ரீஹாண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங், ஜியாமெட்ரிகல் டிராயிங்... இந்தப் பெயர்களை ரெட்கிரேவின் படிகளோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாமா மகன் முகஜாடை தெரியும். பள்ளி டிராயிங் மாஸ்டர் ஆவதற்கு எழுதப்பட்ட தகுதி இதையொட்டியே அமைந்தது: பத்தாவது தேர்ச்சி, ஓவியத்தில் ஹையர் கிரேடு, அதற்கு மேல் டி.டி.சி. என்கிற தொழிலாசிரியர் சான்றிதழ். நம்மைப் போல வருஷக்கணக்கில் களிமண்ணிலும் எண்ணெய் வர்ணத்திலும் புரண்டு வந்தவனுக்கு அந்தப் பாதையில் இடம் எங்கே என்பதுதான் சிக்கல்.

நம் கல்லூரி வேறு திசையில் போய்விட்டிருந்தது. ராய் சௌத்ரி முதல் இந்திய முதல்வராக வந்து உயிருள்ள மாடலை எதிரே உட்கார வைத்தார். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம். 1957-இலிருந்து பத்து வருஷம் கே.சி.எஸ். பணிக்கர். நான் 1973-இல் சேர்ந்தபோது தனபால் சார் முதல்வர். எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டது கலைஞனாவதற்கு, வாத்தியாராவதற்கு அல்ல. பெயிண்டிங் முடித்த எங்கள் செட்டில் பள்ளிக்கூட வேலையைப் பற்றிப் பேசினாலே, "என்னடா, ஆப்பிள் வரையச் சொல்லித்தரப் போறியா?" என்று கேலிதான். நானும் கேலி செய்தவன்தான். அப்பா ரிட்டயர் ஆனதும் கேலி நின்றது.

டிப்ளமோவை எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கிருந்த எழுத்தர் சர்டிஃபிகேட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சரி தம்பி, டி.டி.சி. எங்கே?" என்றார். ஐந்து வருஷப் படிப்பு என்றேன். "ஐம்பது வருஷம் படிச்சாலும் லிஸ்ட்ல இருக்கறது இதுதானே?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் முன் இருந்த தாளில் அதுதான் இருந்தது. ஹையர் கிரேடு தாள்களை எழுதி, பிறகு ஒரு கோடை முழுக்க டி.டி.சி. வகுப்பில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவனுக்கு என்னைவிட எட்டு வயது குறைவு, "அண்ணே, உங்களுக்கு எதுக்குண்ணே இது?" என்று தினம் கேட்பான். இந்தக் கோடைப் பயிற்சி அண்மை ஆண்டுகளில் 42 நாள் நடத்தப்படுகிறது. 1983-இல் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது.

இனி சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஆறாம் வகுப்பில் தேர்த் திருவிழா வரையச் சொன்னேன். ஒரு பையன் தெருவை நடுவில் நீளமாகப் போட்டு, அதில் தேரை நிறுத்தி, இரண்டு பக்கமும் வடம் பிடிக்கும் ஜனங்களைத் தெருவின் ஓரத்தோடு ஒட்டி, ஒரு வரிசை தலைகீழாகவும் ஒரு வரிசை நேராகவும் படுக்க வைத்திருந்தான். வீடுகளும் அப்படியே இரண்டு பக்கமும் சாய்ந்து கிடந்தன. நான் சிவப்புப் பென்சிலை எடுத்து, பெர்ஸ்பெக்டிவ் கோடுகள் போட்டு, அவன் படத்தின் மேலேயே திருத்தினேன். "மனுஷன் படுத்துக்கிட்டா தேர் இழுப்பான்?" என்று ஒரு ஜோக் வேறு. வகுப்பு சிரித்தது. பையனும் சிரித்தான். அதற்குப் பிறகு அந்த வருஷம் முழுக்க நான் போர்டில் போட்டதை மட்டும் அப்படியே காப்பி செய்து கொடுத்தான். கோடு சுத்தமாக இருக்கும். நானும் பத்துக்கு எட்டு போடுவேன்.

1991-இல் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் விக்டர் லோவன்ஃபெல்ட் எழுதிய பழைய புத்தகம் ஒன்று கிடைத்தது. வியன்னாவிலிருந்து அமெரிக்கா போனவர். 1947-இல் வந்த புத்தகம். அதில் குழந்தைகள் உலகத்தை மடித்து வரைவதைப் பற்றி எழுதியிருந்தார். தெருவின் நடுவில் தான் நிற்பதாக நினைக்கும் பிள்ளை, இந்தப் பக்கம் திரும்பி ஒரு வரிசையை வரையும், அந்தப் பக்கம் திரும்பி மறு வரிசையை வரையும். தாளை நடுவில் மடித்து நிமிர்த்தினால் இரண்டு வரிசையும் எழுந்து நிற்கும். தப்பே இல்லை! பிள்ளை வடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்திருக்கிறான். நான்தான் வெளியே நின்று பார்த்திருக்கிறேன். அதே வியன்னாவில் ஃப்ரான்ஸ் சிசெக் என்பவர் 1897-லேயே, திருத்தாமல் குழந்தைகளை அவர்கள் போக்கில் வரையவிடும் வகுப்பு நடத்தியிருக்கிறார். நம் நாட்டில் சேவாகிராமத்தில் தேவி பிரசாத் 1944-இலிருந்து அப்படித்தான் சொல்லித்தந்திருக்கிறார்.

அந்தக் கோடை வகுப்பில் குழந்தை மனத்தைப் பற்றியும் ஒருவர் பாடம் எடுத்தார். மத்தியான வெயில், நான் தூங்கிவிட்டேன். 'நான் ஆர்ட்டிஸ்ட், எனக்கு இவர் என்ன சொல்லித்தருவது' என்கிற தூக்கம் அது. டி.டி.சி.யைத் திட்டும் நம்மவர்களோடு நான் முழுசாகச் சேராததற்கு இதுதான் காரணம். கையைக் கற்றவனுக்குப் பிள்ளையைத் தெரியவில்லை. சர்டிஃபிகேட் பாதையில் வந்த பலருக்குக் கை பழகப் போதிய நாள் கிடைக்கவில்லை. இரண்டையும் ஒரே இடத்தில் கொடுக்கும் படிப்பு வேண்டும். மகாராஷ்டிராவில் ஆர்ட் டீச்சர் டிப்ளமோ என்றே ஒன்று வெகுகாலமாக உண்டு. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் வெளியிட்ட விதிகளிலும் காட்சிக் கலைக் கல்விக்கென்று ஒரு டிப்ளமோவைச் சேர்த்திருக்கிறார்கள். கேந்திரிய வித்யாலயாக்களில் ஓவியம், சிற்பம் போன்றவற்றில் ஐந்தாண்டு டிப்ளமோ அல்லது அதற்கு இணையான பட்டத்தைத் தகுதியாகக் கேட்பது வழக்கம்.

படிப்பு இருந்தால் மட்டும் போதுமா, வேலை வேண்டாமா என்று அந்த மாணவி கேட்பார். நியாயம். 2009-இன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில், ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளிக்குக் கலைக் கல்விக்கு ஆள் வேண்டும் என்று எழுதினார்கள். ஆனால் 'பகுதி நேரம்' என்று எழுதினார்கள். நம் மாநிலத்தில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி எல்லாம் சேர்த்து 16,549 பேர் பகுதி நேரமாக, மாதம் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாள். சம்பளம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. முழுநேரச் சிறப்பாசிரியர் பணிக்கு 2017 செப்டம்பரில் ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தியபோது ஓவியம், தையல், இசை, உடற்கல்வி நான்குக்கும் சேர்த்து 1,325 இடங்கள். என் பழைய மாணவர்கள் மூன்று பேர் எழுதினார்கள், ஒருவருக்குக் கிடைத்தது. 2013-இல் நான் ரிட்டயர் ஆன பள்ளியில் என் நாற்காலி வெகுநாள் காலியாகவே கிடந்தது. பிறகு நாற்காலியையும் எடுத்துவிட்டார்கள் என்று கேள்வி.

எனவே, அம்மா, உன் கேள்விக்கு என் பதில்: பி.எஃப்.ஏ.வை நன்றாக முடி. ஒவ்வொரு அறிவிப்பிலும் தகுதிப் பத்தியை வரி வரியாகப் படி. ஊரார் சொல்வதை நம்பாதே. லோயர், ஹையர் தாள்களைப் படிக்கும்போதே எழுதிவிடு, பிறகு அலையாதே. டி.டி.சி. வகுப்பில் மத்தியானம் தூங்காதே.

ஒரு விஷயம் பாக்கி. மாடல் டிராயிங்குக்காக நான் சொந்தச் செலவில் தச்சரிடம் செய்து வாங்கிய மரக் கட்டைகள் என்னிடம் இருக்கின்றன: ஒரு கனசதுரம், ஓர் உருளை, ஒரு கூம்பு. கூம்பின் முனை உடைந்திருக்கிறது. ஒரு பையன் பம்பரமாக விட்டுப் பார்த்ததன் விளைவு. இந்தச் சந்திப்புக்கு அவற்றை ஒரு மஞ்சள் பையில் கொண்டுவருகிறேன். பள்ளி வேலைக்குப் போகிற யாராவது வாங்கிக்கொள்ளலாம். பந்தியில் வலது பக்கக் கடைசி வரிசையில் இருப்பேன்.