சேர்த்து வைத்த நோயாளிகள்

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் வழியில், திருப்பரங்குன்றத்துக்கு அப்பால் இருக்கிறது தோப்பூர். 2019இல் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டதிலிருந்து செய்தித்தாள்களில் அடிக்கடி அடிபடும் பெயர். அதற்கு வெகுகாலம் முன்பே மதுரை வட்டாரம் அவ்வூரை வேறொரு காரணத்துக்காக அறியும். காசநோயாளிகளுக்கென ஊருக்கு வெளியே, வெட்டவெளியில் அமைந்த அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அங்கேதான் உள்ளது. 2020இல் கொரோனா வந்தபோது நோயாளிகளைக் கொண்டு சென்றதும் அங்கேதான். நெஞ்சில் நோய் என்றால் ஊரை விட்டு விலக்கு என்பது பழைய புத்தி. அதற்குள் இன்னொரு செயலும் ஒளிந்திருக்கிறது. விலக்கியவர்களை ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைக்கிறோம். விலக்குவதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. சேர்ப்பதைப் பற்றி மருத்துவம் மிகவும் தாமதமாகவே யோசித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மன் பிரேமர் தொடங்கிவைத்த சானடோரிய முறை, நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு ஆகிய மூன்றையும் நம்பியது. மருந்தே இல்லாத காலத்தில் வேறெதை நம்புவது? தென்னிந்தியாவில் 1915இல் மதனப்பள்ளிக்கருகே ஆரோக்கியவரம் எழுந்தது. 1928இல் டேவிட் சௌரிமுத்து தாம்பரத்தில் ஒன்றை நிறுவினார். அங்கே ரயில் நிலையத்தின் பெயரே இன்றும் ‘தாம்பரம் சானடோரியம்’தான். இந்தச் சௌரிமுத்து முன்னர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் நடத்திய சானடோரியத்தில் 1917இல் சில காலம் தங்கியிருந்த ஒரு நோயாளி, கணிதமேதை ராமானுஜன். அவருக்கு வந்தது காசநோயே அல்ல, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். காசம் அல்லாத ஒருவர் காசநோயாளிகளிடையே கிடத்தப்படுவது அன்றைய விபரீதம் மட்டுமல்ல என்பதைப் பின்னால் பார்ப்போம்.

சானடோரியத்தின் அடித்தளத்தை அசைத்தது சென்னைதான். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தை நிறுவின. வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதன்மை ஆய்வாளர். 200க்கும் சற்றுக் குறைவான ஏழை நோயாளிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு சாராருக்கு சானடோரியத்தில் படுக்கை, பால், ஓய்வு. மற்றவர்கள் சென்னையின் நெரிசலான வீடுகளிலேயே இருந்துகொண்டு, அரைவயிறு உண்டு, பலர் வேலைக்கும் போய்க்கொண்டு, மருந்தை மட்டும் தவறாமல் விழுங்கினார்கள். இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள்: ஐசோனியாசிட், பாஸ். 1959இல் வெளியான முடிவில் இரு சாராருக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. அதைவிட முக்கியமானது, ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றியிருக்கவில்லை. பெரும்பாலும் நோய் கண்டறியப்படும் முன்பே தொற்ற வேண்டியவர்களுக்குத் தொற்றியிருந்தது. மருந்து தொடங்கியபின் பரவும் வேகம் சட்டென்று தணிந்தது.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலி ஒரு காசநோய் வார்டின் காற்றை மட்டும் குழாய் வழியே கினிப் பன்றிகளின் கூண்டுகளுக்கு அனுப்பினார். அவை நோயுற்றன. நோயாளியைத் தொடாமல், அவர் முகத்தைக்கூடப் பாராமல், அவர் விட்ட மூச்சினாலேயே தொற்று வரும் என்பது நிரூபணமாயிற்று. மருந்துக்கு மசியாத கிருமி உடையவர்கள் இருக்கும் வார்டு என்னவாகும் என்பதை 2005-06இல் தென்னாப்பிரிக்காவின் டுகேலா ஃபெர்ரி என்ற சிற்றூர் காட்டியது. அங்கே அத்தகைய கிருமி கண்டறியப்பட்ட 53 பேரில் 52 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பு மருத்துவமனையில் தங்கியிருந்தவர்கள்.

இங்கிருந்து சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் மரபுநோய்க்கு வருகிறேன். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால் மட்டுமே தோன்றும் நோய் இது. நுரையீரலில் சளி பசைபோலக் கெட்டிப்பட்டு, வெவ்வேறு கிருமிகளுக்கு நிரந்தர வீடாகிவிடும். மேலைநாடுகளில் இக்குழந்தைகளைக் கோடை முகாம்களில் ஒன்றுசேர்ப்பது வழக்கம். தனிமையில் வாடும் பிள்ளை தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளையைச் சந்திக்கும் இடம் அது. 1993இல் எடின்பரோ, மான்செஸ்டர் ஆய்வாளர்கள் சிலர், முன்பு வெங்காய அழுகலுக்குக் காரணமாகக் கண்டறியப்பட்ட பர்க்ஹோல்டேரியா செபேசியா என்ற கிருமி இந்நோயாளிகளிடையே நேர்ப்பழக்கத்தினாலேயே பரவுவதைக் காட்டினார்கள். சிலரை அது சில வாரங்களில் கொன்றது. முகாம்கள் நின்றன. 1996இல் லிவர்பூல் குழந்தைகள் மருத்துவமனையில் வேறொரு கிருமியின் கதை. 2013இல் கேம்பிரிட்ஜ் அருகே பாப்வொர்த்தில் காசக் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் அப்செஸஸ் நோயாளியிடமிருந்து நோயாளிக்குப் பரவியிருப்பதை மரபணு வரிசை காட்டிக்கொடுத்தது. அதே ஆண்டில் அமெரிக்க வழிகாட்டுதல், இந்நோயுள்ள இருவர் ஒருவருக்கொருவர் குறைந்தது 6 அடி விலகியிருக்கச் சொன்னது. உன் துன்பத்தை முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே மனிதரே உனக்கு ஆபத்தானவர். இதைவிடக் கொடிய விதியை எந்த நாவலாசிரியரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இந்தியர்களுக்கு இந்நோய் வராது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1960களின் இறுதியில்தான் முதல் அறிக்கைகள் வந்தன. மதுரைச் சமவெளியில் அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் உண்டு. ஒரே பழுது இரு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. வெயிலும் சேர்ந்துகொள்கிறது. இந்நோயில் வியர்வையோடு உப்பு மிகையாக வெளியேறும். 1948இல் நியூயார்க்கில் அடித்த வெப்ப அலையில் சுருண்டு விழுந்த குழந்தைகளில் பலருக்கு இந்நோய் இருந்ததே வியர்வைச் சோதனைக்கு வழிவகுத்தது. கத்திரி வெயிலில் துவளும் ஒரு மேலூர்க் குழந்தையின் வியர்வையை அளந்து பார்க்க யாருக்குத் தோன்றும்?

ஓயாத இருமல், எடை ஏறாத உடல். இவற்றோடு வரும் பிள்ளையைப் பார்த்ததும் மருத்துவருக்குக் காசநோய் நினைவுக்கு வருவது இயல்பு, வரவும் வேண்டும். ஆனால் இந்தியாவில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் காசநோயென்று தவறாகக் கணிக்கப்படுவது மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளை பலனில்லாத மருந்தை மாதக்கணக்கில் விழுங்குகிறது. அதோடு இருமுகிறவர்கள் நிறைந்த வரிசையில் திரும்பத் திரும்பக் காத்திருக்கிறது. இந்நோய்க்குத் தனிக்கவனம் தரும் வேலூர் சி.எம்.சி. மதுரையிலிருந்து 350 கிலோமீட்டருக்கும் மேல்.

2007இல் பெரு நாட்டின் லிமா நகரில் செய்த ஓர் அளவீடு இங்கே பொருந்துகிறது. 1950க்கு முன் கட்டிய, உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய மருத்துவமனை அறைகளில், இயந்திரக் காற்றோட்டம் அமைத்த நவீன அறைகளைவிடக் காற்று அதிகம் மாறியது. சன்னல்கள் திறந்திருக்க வேண்டும், அவ்வளவே. நம்மூரிலோ ஓ.பி. அறைகளுக்குப் போலிக்கூரையும் ஏசியும் வந்தபின் சன்னல்களை ஆணியடித்து மூடிவிடுகிறோம்.