வெயில் படாத மாநிறம்

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் பெண்களுக்குக் காலுறை எட்டாக்கனியாகிவிட்டது. பட்டும் நைலானும் பாராசூட் தைக்கப் போயின. 1941 ஜூன் 1 முதல் துணிக்கே பங்கீடு வந்தது. வெறுங்காலோடு வேலைக்குப் போகக் கூச்சப்பட்டவர்கள் சமையலறையில் வழி கண்டார்கள். இறைச்சிக் குழம்புக்கு நிறம் கொடுக்க வைத்திருந்த கருக்கிய சர்க்கரைக் கரைசலைத் தண்ணீர் விட்டு இளக்கிக் கால்களில் பூசிக்கொண்டார்கள். அதுவும் இல்லாத வீட்டில் தேயிலைச் சாறு. பூச்சு காய்ந்ததும் அக்காவோ தோழியோ பின்னால் மண்டியிட்டு, புருவம் தீட்டும் பென்சிலால் குதிகாலிலிருந்து மேலே கை நடுங்காமல் ஒரு கோடு இழுப்பாள். காலுறையின் பின்பக்கத் தையலுக்குப் பதில் அந்தக் கோடு. மழை பிடித்தால் எல்லாம் வழிந்துவிடும். கோடையில் ஈ மொய்க்கும்.

பழுப்பு நிறக் காலுக்கு இவ்வளவு பாடு ஏன்? முந்தைய நூற்றாண்டுகளில் ஐரோப்பிய மேட்டுக்குடியினர் இதற்கு நேர்மாறாகத்தான் இருந்தார்கள். வெயிலில் கறுத்த தோல் வயலில் உழைப்பவரின் அடையாளம் என்பதால், ஈயம் கலந்த வெள்ளைப் பூச்சைக்கூட முகத்தில் அப்பிக்கொண்டார்கள். உழைப்பாளிகள் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் போய் வெளிறிய பிறகு, வெயில் காய நேரமும் பணமும் உள்ளவரே பழுப்பானார்கள். மருத்துவமும் அதற்குத் துணை நின்றது. ஒளி சிகிச்சைக்காக டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சென் 1903-ல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் லெய்சின் மலையூரில் ஆகுஸ்ட் ரோலியே காசநோயாளிகளை வெயிலில் கிடத்தும் மருத்துவமனையைத் தொடங்கினார். 1920களில் ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனெல் போன்றவர்கள் கடற்கரையில் கறுத்துத் திரும்பியபோது அது நாகரிகமும் ஆகிவிட்டது.

குளித்தாலும் போகாத பழுப்பு, 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் தற்செயலாகக் கிடைத்தது. கிளைகோஜனை உடல் சரியாகப் பயன்படுத்த முடியாத பிறவி நோயுள்ள குழந்தைகளை ஈவா விட்கென்ஸ்டைன் என்ற மருத்துவ ஆய்வாளர் அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தார். டைஹைட்ராக்சி அசிட்டோன் என்ற எளிய சர்க்கரையை அவர்களுக்கு வாய்வழியாகக் கொடுத்தார்கள். பிள்ளைகள் மருந்தை நல்லபடியாக விழுங்குவார்களா? துப்பினார்கள், சிந்தினார்கள். சிந்திய இடத்தில் சில மணி நேரம் கழித்துத் தோல் பழுப்பாக மாறியிருந்தது.

கறை என்று துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். விட்கென்ஸ்டைன் அந்தக் கரைசலைத் தன் தோலிலேயே பூசிப் பார்த்தார். தானும் சக ஆய்வாளர் ஹெலன் பெர்ரியும் கண்டதை 1960-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். இன்று கடையில் விற்கும், வெயில் படாமல் பழுப்பாக்கும் ‘சன்லெஸ் டேனிங்’ லோஷன் அநேகமாக எல்லாவற்றிலும் இருப்பது இதே பொருள்தான். அதைப் பூசிக்கொள்பவர்களில் அவர் பெயர் தெரிந்தவர் மிகச் சிலரே என்பது வருத்தத்துக்குரியது.

இது சாயமே இல்லை. குப்பியில் இருக்கும்போது இதற்கு நிறம் கிடையாது. தோலின் மேற்பரப்பில் இறந்த செல்களாலான மெல்லிய அடுக்கு உண்டு. அதிலுள்ள அமினோ அமிலங்களோடு இந்தச் சர்க்கரை கூடும்போதுதான் பழுப்பு பிறக்கிறது. பிரெஞ்சுக்காரர் லூயி காமி மையார் 1912-ல் விவரித்த வினையின் வகை இது. தோசை முறுகும்போது கல்லில் நடப்பதும் அதுவே. இறந்த செல்கள் உதிர உதிர நிறமும் ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும்.

1960-ஐ ஒட்டி அமெரிக்காவில் ‘மேன்-டேன்’ என்ற பூச்சு விற்பனைக்கு வந்தது. ‘காப்பர்டோன்’ நிறுவனம் ‘க்யூ.டி.’ லோஷனை இறக்கியது. ஆனால் முதல் தலைமுறைப் பூச்சுகள் பலரை ஆரஞ்சு நிறமாக்கின. தோல் தடித்த முட்டி, முழங்கை, குதிகாலில் கூடுதலாக ஏறித் திட்டுத் திட்டாய் நின்றன. பூசி முடித்துக் கை கழுவ மறந்தவரை உள்ளங்கை காட்டிக்கொடுத்தது. தேய்த்துக் குளித்துவிட்டுப் பூசுவது, முட்டியில் கொஞ்சமாகத் தொடுவது, கையுறை போட்டுத் தடவுவது போன்ற இன்றைய பக்குவங்களெல்லாம் இந்தத் திட்டுகளைத் தவிர்க்கத்தான். 1970களில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் டைஹைட்ராக்சி அசிட்டோனை வெளிப்பூச்சுக்கு அனுமதித்தது. இதற்கு நேர்மாறாக, இந்தியாவில் சிவப்பழகு வாக்குறுதியோடு ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது. ஓரிடத்தில் வெளுப்பும் இன்னோரிடத்தில் கறுப்பும் குறையென்று உணரவைத்து நடந்த வணிகம் இது. இரண்டிடத்திலும் அதிகம் குறிவைக்கப்பட்டவர்கள் பெண்கள்.

ஆனாலும் இந்தக் குப்பிக்கு ஒரு நியாயம் உண்டு. புற ஊதாக் கதிர் செல்லின் டி.என்.ஏ.வைச் சிதைப்பதற்குத் தோல் காட்டும் எதிர்வினைதான் வெயிலில் வரும் கறுப்பு. விளக்கொளியில் கறுக்க வைக்கும் படுக்கைகளையும் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-ல் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. பிரேசில் அதே ஆண்டில் அவற்றைத் தடை செய்தது. ஆஸ்திரேலிய மாநிலங்களும் பின்னர் வணிக நிலையங்களை மூடவைத்தன. பழுப்பாகியே தீர வேண்டும் என்பவருக்கு எஞ்சிய பத்திரமான வழி இந்த லோஷன்தான். வெண்புள்ளி உள்ளவர்கள் திட்டுகளின் நிறத்தைச் சமப்படுத்தவும் இது உதவுகிறது.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பழுப்பாகிவிட்டோம், இனி வெயில் சுடாது என்று நம்பிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் உண்டு. இந்தப் பழுப்பில் மெலனின் இல்லை. அது தரும் காப்பு அற்பம். அதனால்தான் சன்ஸ்கிரீன் சேர்க்காத இத்தகைய பூச்சுகளின் லேபிளில், வெயில் சுடுவதிலிருந்து இது காக்காது என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று அமெரிக்காவில் விதி இருக்கிறது. சாவடிக்குள் நின்று இதை ஸ்பிரேயாக அடித்துக்கொள்பவர்கள் கண்ணையும் உதட்டையும் மூடிக்கொண்டு, துளிகளை மூச்சில் இழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 1970களில் கொடுத்த அனுமதி தோலின் மேல் பூசுவதற்கு மட்டுமே.