உப்பும் சோறும்: வேதாரணியம் முதல் சிவபுரம் வரை

உப்பு சத்தியாக்கிரகம் என்றதும் தண்டியும் காந்தியடிகளும் நினைவுக்கு வருவார்கள். அடுத்தபடியாக வேதாரணியமும் ராஜாஜியும். தலைவர்கள் நடந்தார்கள், நாடு எழுந்தது என்று பாடப்புத்தகத்திலே படித்துவிட்டோம். ஆனால் அடியேன் ஒரு வியாபாரி. சரக்கு எவ்வளவு நல்லதானாலும் வழியில் இறக்கி வைக்க இடமில்லையென்றால் ஊர் போய்ச் சேராது என்பது எங்கள் அனுபவம். ஆகவே எனக்கு ஒரு கேள்வி. ஏறக்குறைய நூறு பேர் பதினைந்து நாள் நடந்தார்களே, அவர்களுக்குச் சோறு போட்டது யார்? அறப்போர் எப்படிப் பரவுகிறது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

உப்பு காய்ச்சுவதும் விற்பதும் 1882ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் பிடியில் இருந்தன. 1930 மார்ச் 12இல் சபர்மதியிலிருந்து புறப்பட்ட காந்தியடிகள், ஏப்ரல் 6இல் தண்டியில் உப்பெடுத்தார். ஒரே வாரம்தான். ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாளில், திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் இல்லத்திலிருந்து ராஜாஜி புறப்பட்டார். வழிநடைப் பாட்டு தந்தவர் நாமக்கல் கவிஞர். வேதாரணியம் சுமார் 150 மைல்.

தஞ்சைக் கலெக்டர் தார்ன் கெட்டிக்காரர். தொண்டர்களை அடித்தால் ஊர் திரளும் என்று அவருக்குத் தெரியும். அதனால் அவர்களை விட்டுவிட்டு, உணவும் இடமும் தருபவர்களுக்கு ஆறு மாதச் சிறை என்று அறிவித்தார். வேரிலே வெந்நீர் ஊற்றுகிற வேலை!

நடந்தது என்ன? கும்பகோணத்தில் பந்துலு ஐயர் துணிந்து விருந்திட்டார், சிறை சென்றார். வேறு ஊர்களில் ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். போட்டவர் யார் என்று மரத்தையா கேட்பது? பயமுறுத்தும் ஆணையே ஊர் ஊராகச் செய்தியைக் கொண்டு சேர்த்துவிட்டது பாருங்கள்!

எங்கள் சமண மரபில் தானம் நான்கு: ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம். அச்சம் நீக்குவது அபயதானம். சோறு போட்டவர் ஆகாரதானம் செய்தார். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரின் அச்சம் போயிற்று. அறப்போர் பரவும் வழி இதுதான். மேடைப் பேச்சு ஒருவர் காதில் விழும். அடுத்த வீட்டுக்காரர் துணிவது கண்ணில் படும். வேதாரணியத்தில் வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளி, வந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியை வைத்துவிட்டுச் சிறை போனார். அவருக்கு யார் ஆணையிட்டது?

ஏப்ரல் 30இல் அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்து ராஜாஜி கைதானார். இடம் தந்து துணைநின்ற வேதரத்தினம் பிள்ளையும் சிறை சென்றார். ருக்மிணி லட்சுமிபதி கைதானார். இளைஞர் காமராஜர் அலிப்பூர் சிறை வரை போனார். 1931 மார்ச்சில் காந்தி-இர்வின் ஒப்பந்தத்தில், கடற்கரை ஊரார் தம் தேவைக்கு உப்பெடுக்க இசைவு கிடைத்தது.

நம் மைசூருக்கு வருவோம். இது சமஸ்தானம், ஆங்கிலேயர் நேராக ஆளவில்லை. ஆயினும் 1938 ஏப்ரலில் மத்தூர் அருகே சிவபுரத்தில், தடையை மீறிக் கொடியேற்றக் கிராமத்து ஜனங்கள் திரண்டார்கள். டி. சித்தலிங்கையா கைதானதும் அடுத்தவர் முன்வந்தார். அதே மாதம் 25ஆம் தேதி விதுராசுவத்தத்தில் துப்பாக்கிச் சூடு, பலர் மாண்டனர். மே மாதம் திவான் மிர்சா இஸ்மாயிலுக்கும் பட்டேலுக்கும் உடன்பாடாகி, சமஸ்தானக் கொடியோடு மூவர்ணக் கொடியும் பறக்கலாயிற்று. பெங்களூர் போகும் நம்மவர் எத்தனை பேர் மத்தூரில் வடை சாப்பிட்டிருப்போம்! பக்கத்திலிருக்கும் சிவபுரத்தை எட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்?

பழங்கதை எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம். ராமாபுரத்தில் கடையைப் பூட்டிவிட்டு, பிள்ளைகளோடு இருட்டில் உட்கார்ந்திருந்தோம். பின்கதவைத் தட்டிய பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாள், "பன்னி, ஒளகே பன்னி" என்று தம் வீட்டுக்கு அழைத்துப்போய், ராகி முத்தெயும் சாறும் போட்டார். அடைக்கலம் கொடுத்தால் அவருக்கும் ஆபத்துதான். பந்துலு ஐயரைப் பற்றி அந்த அம்மாளுக்குத் தெரியாது. தெரிந்த எனக்கோ, அன்றைக்குத்தான் அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கியது.

வன்முறையும் தொற்றும், துணிவும் தொற்றும். எதை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கிறோம் என்பதே கேள்வி.