துருப்பு: நம் திண்ணைக்கு வந்து சேர்ந்த இத்தாலியச் சொல்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

பிரான்சில் இருக்கும் என் தங்கை மகன் போன மாதம் ஊருக்கு வந்தபோது இத்தாலியில் வாங்கிய சீட்டுக்கட்டு ஒன்றைக் கொண்டு வந்தான். நாற்பதே சீட்டு. எட்டு, ஒன்பது, பத்து கிடையாது. ராணியும் இல்லை, ராஜா, குதிரைக்காரன், காலாள் என்று மூன்று படங்கள். ஆர்ட்டின், டைமன் இருக்க வேண்டிய இடத்தில் கோப்பை, காசு, வாள், தடி. அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். உடனே ஓர் உறவினர், "வாத்தியார் வீட்டிலேயே சீட்டா மாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொல்லும் பதிலை எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஆட்டம். பெயர் பிரிஸ்கோலா. இரண்டு பேர் ஆடலாம். நான்கு பேர் என்றால் எதிரெதிரே உட்காருபவர்கள் ஜோடி. ஆளுக்கு மூன்று சீட்டு கொடுத்து, அடுத்த சீட்டைத் திறந்து வைத்து, மிச்சக் கட்டை அதன்மேல் பாதி மறைய வைப்பார்கள். திறந்த சீட்டு எந்த இனமோ அதுதான் துருப்பு. ஒருவர் இறக்குவார், மற்றவர்கள் இறக்குவார்கள். துருப்பு விழுந்தால் பெரிய துருப்புக்குப் பிடி. விழாவிட்டால் முதலில் இறக்கிய இனத்தில் பெரியதற்குப் பிடி. பிடித்தவர் தொடங்கி ஆளுக்கொரு சீட்டைக் கட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்ட இனத்தையே போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆசுக்கு 11, மூன்றுக்கு 10, ராஜாவுக்கு 4, குதிரைக்காரனுக்கு 3, காலாளுக்கு 2. மற்றவை வெறும் சீட்டு. மொத்தம் 120, 61 எடுத்தவர் வென்றார்.

நம் ஊர் இருபத்தெட்டு ஆடியவர்களுக்கு இது எங்கேயோ கேட்டதுபோல இருக்கும். ஜோடி, பிடி, வெட்டு, புள்ளி எண்ணுவது எல்லாம் இருக்கிறது. ஒரே ஒரு விஷயம் தலைகீழ். பிரிஸ்கோலாவில் ஜோடிக்கு ஜாடை காட்டுவது ஆட்டத்தின் பகுதி. உதட்டைக் குவித்தால் ஆசு, வாயைக் கோணினால் மூன்று என்று பழக்கம் வைத்திருக்கிறார்கள். நம் ஆட்டத்தில் இருமினால்கூடச் சண்டை வரும்!

சரி, துருப்பு என்ற சொல்லுக்கு வருவோம். அது தமிழ்ச் சொல் அல்ல. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் சாதாரண நான்கு இனங்களோடு படச் சீட்டுகளாக ஐந்தாவது வரிசை ஒன்றைச் சேர்த்தார்கள். மற்ற எல்லாவற்றையும் வெல்லும் அந்த வரிசைக்குப் பெயர் திரியோன்ஃபி, அதாவது வெற்றி ஊர்வலங்கள். நம் ஆனந்தரங்கப் பிள்ளையைப் போல நாட்குறிப்பு எழுதிய ஜூஸ்தோ ஜூஸ்தி என்பவர், 1440 செப்டம்பரில் ஃபிளாரன்சில் செய்வித்த அத்தகைய கட்டு ஒன்றை மலத்தேஸ்தா என்ற பிரபுவுக்குக் கொடுத்ததாகக் குறித்திருக்கிறார். அந்தச் சொல்தான் ஆங்கிலத்தில் டிரம்ப் ஆயிற்று, டச்சில் துரூஃப் ஆயிற்று. டச்சுக்காரரிடமிருந்து நமக்குத் துருப்பு.

ஏன் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இல்லை? அவர்கள் இப்போது அதை 'ஆத்து' என்கிறார்கள். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நம்மை ஆண்டவர்கள் 'கொம்யூன்' என்ற சொல்லை வில்லியனூருக்கும் பாகூருக்கும் விட்டுப் போனார்கள், சீட்டுச் சொல்லை விடவில்லை. டச்சுக்காரர் புதுச்சேரியை வைத்திருந்ததோ 1693 முதல் 1699 வரைதான். ஆனால் பாகூருக்குப் பக்கத்திலேயே கடலூர் தேவனாம்பட்டினத்தில் அவர்கள் அதற்கு முன்பே வியாபாரம் செய்தார்கள். நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை அவர்கள் கையில். யாழ்ப்பாணமும் கொச்சியும் அப்படியே. நாம் 'கிளாவர்' என்கிறோமே, அது ஆங்கிலத்தில் கிளப்ஸ், டச்சில்தான் கிளாவர். ஆர்ட்டினும் டச்சு ஹார்ட்டன்தான். இஸ்பேடு மட்டும் மறுபடி தெற்கு ஐரோப்பாவுக்கே போகும்: ஸ்பாதே என்றால் இத்தாலியில் வாள்கள். மண்வெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சொல் மட்டுமல்ல, ஆட்டமும் சாட்சி சொல்கிறது. இருபத்தெட்டில் ஜாக்கிதான் பெரிது, அடுத்தது ஒன்பது. ராஜாவை ஜாக்கி வெல்வது எங்கள் காலத்துப் பையன்களுக்குப் பெரிய குஷி. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் 1. ஓர் இனத்துக்கு 7, நான்கு இனத்துக்கு 28. ஏழு முதல் ஆசு வரை 32 சீட்டு. முதலில் நான்கு நான்காகப் போட்டு, 14இலிருந்து ஏலம் கேட்பார்கள். அதிகம் கேட்டவர் துருப்பைக் கவிழ்த்து வைப்பார். பிறகு மீதி நான்கு. கேட்ட இனம் கையில் இல்லாதவர்தான் துருப்பைத் திறக்கச் சொல்ல முடியும். யாழ்ப்பாணத்தவர் ஆடும் முந்நூற்று நான்கில் ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டிப் பாருங்கள், 76. நான்கால் பெருக்கினால் 304. (கணக்கு வாத்தியாராக இருந்திருந்தால் இதை வைத்தே வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்திருப்பேன்.) டச்சுக்காரரின் கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் துருப்பு இனத்தில் ஜாக்கியும் ஒன்பதும்தான் மேலே. பிரான்சில் இருக்கும் பிள்ளைகளே, நீங்கள் அங்கே ஆடும் பெலோத்திலும் அதே வரிசை. டச்சுக்காரர் காலூன்றிய கரைகளில்தான் இந்த ஆட்டங்கள் தழைத்திருக்கின்றன என்பதைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

நம்மவர்கள் அதைக் கடல் தாண்டியும் கொண்டு போனார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன துரூரோ கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனில் இறக்கியது. அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே 'துனி' என்ற ஆட்டம் ஆடுகிறார்கள். அதே ஜாக்கி, அதே ஒன்பது, அதே 304. பெயர் நம் 'தண்ணி'யிலிருந்து வந்தது என்கிறார்கள்.

இனி உறவினரின் கேள்வி. பணம் வைத்து ஆடிக் கழுத்துச் சங்கிலியும் காணியும் போன வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். அதனால் அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் சிவராத்திரிக்கும் சாவு வீட்டு இரவுக்கும் நான்கு பேரைத் தூங்காமல் வைத்திருந்த இருபத்தெட்டையும், கைப்பேசியில் தனியாக உட்கார்ந்து சம்பளத்தைக் கரைக்கும் ரம்மியையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. கேரளத்தில் இருபத்தெட்டில் தோற்றவர் காதில் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் தண்டனை. ஃபிளாரன்ஸ் நகரம் 1377இல் சீட்டாட்டத்தைத் தடை செய்தது. அதே நகரம் 1450இல் சில ஆட்டங்களுக்கு அனுமதி கொடுத்தபோது, அந்தப் பட்டியலில் திரியோன்ஃபியும் இருந்தது. நம் உச்ச நீதிமன்றம் 1967இல் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்தது. எனக்குப் பின்னதுதான் சரியாகப் படுகிறது. கெடுப்பது சீட்டு அல்ல, நடுவில் வைக்கும் பணம்.

விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கு இருபத்தெட்டு சொல்லிக்கொடுங்கள். பிரிஸ்கோலா ஆடிப் பார்க்க விரும்புபவர்கள் இத்தாலிக்குப் போக வேண்டாம். நம் கட்டிலேயே எட்டு, ஒன்பது, பத்தை எடுத்துவிட்டால் நாற்பது சீட்டு வந்துவிடும். ராணியைக் குதிரைக்காரனாகவும் ஜாக்கியைக் காலாளாகவும் வைத்துக்கொள்ளுங்கள். பெரியதிலிருந்து வரிசை: ஆசு, மூன்று, ராஜா, ராணி, ஜாக்கி, பிறகு ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, இரண்டு.