காரில் டூர் கிளம்புறீங்களா? இறங்குவதற்கு முன் ஒருமுறை ஜன்னல் வழியா உள்ளே பாருங்க!

குற்றாலத்தில் குளியல், திருச்செந்தூரில் தரிசனம், அப்படியே கன்னியாகுமரியில் சூரிய உதயம்... லீவு விட்டதும் குடும்பத்தோடு காரில் கிளம்பிவிடுகிறோம். டயரில் காற்று, ஆயில், ஃபாஸ்டேக் பேலன்ஸ் எல்லாவற்றையும் செக் பண்ணுகிறோம். ஆனால், காரை நிறுத்திவிட்டு மொத்தக் குடும்பமும் இறங்கிப்போகும் அந்த ரெண்டு மணி நேரத்தைப் பற்றி மட்டும் பலரும் யோசிப்பதில்லை. கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்கும் திருட்டு நடப்பது அந்த நேரத்தில்தான்.

ஏன் டூரிஸ்ட் ஸ்பாட்?

ஆபீஸ் வாசலில் நிற்கும் காரில் ஒரு குடையும் தண்ணீர் பாட்டிலும் இருந்தால் அதிகம். வெளியூர் நம்பர் பிளேட்டுடன் அருவிப் பக்கம் நிற்கும் கார் அப்படியல்ல. குளிக்கப் போகிறவர்கள் செயினையும் வளையலையும் கழற்றி ஹேண்ட்பேக்கில் வைத்திருப்பார்கள். பர்ஸும் போனும் உள்ளேதான் இருக்கும். தலை துவட்டி, டிரஸ் மாற்றி அவர்கள் திரும்பிவர எவ்வளவு நேரமாகும் என்பதும் திருடனுக்குத் தெரியும்.

கோயில்களிலும் இதே கதைதான். கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. ‘உள்ளே விட மாட்டாங்க, கார்லயே வெச்சுட்டு வாங்க’ என்று வீட்டுக்கு வீடு சொல்கிறோம். அது நமக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை.

‘அதான் லாக் பண்ணியாச்சே’ என்று நினைக்கலாம். முன்பக்கக் கண்ணாடி, நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்த இரட்டை அடுக்கு. உடைந்தாலும் கையோடு பெயர்ந்து வராது. பெரும்பாலான கார்களில் பக்கவாட்டுக் கண்ணாடி வேறு ரகம். ஓர் இடத்தில் பலமாக அடி விழுந்தால் மொத்தமும் கல்கண்டு மாதிரி கொட்டிவிடும். கறுப்பு ஃபிலிம் ஒட்டி மறைக்கவும் வழியில்லை. 2012-லேயே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டுவிட்டது. ஆக, வெளியே நிற்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கும் முதல் பாதுகாப்பு.

கிளம்புவதற்கு முன்பு

* அருவிக்கும் கடலுக்கும் போகும் பயணத்தில் தங்க நகை வேண்டாம். தாலிச் செயினைத் தவிர மற்றதெல்லாம் வீட்டு பீரோவிலோ வங்கி லாக்கரிலோ இருக்கட்டும்.
* ஆர்.சி., லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் ஆகியவற்றை டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாஹன் ஆப்பில் ஏற்றிவிடுங்கள். அதில் காட்டும் ஆவணம் சட்டப்படி செல்லும். ஒரிஜினலைக் காரில் வைத்துவிட்டு வரவேண்டிய அவசியமே இல்லை.
* வீட்டுச் சாவியைக் காரில் வைக்காதீர்கள். ஆர்.சி.யில் முகவரி இருக்கிறது, பக்கத்திலேயே சாவியும் இருந்தால்... வீட்டில் ஆள் இல்லை என்பதும் தெரிந்துவிடும். கண்ணாடி உடைந்ததைவிடப் பெரிய நஷ்டம் ஊரில் காத்திருக்கும்.
* காரின் இரண்டாவது சாவி, கூட வரும் இன்னொருவர் பாக்கெட்டில் இருக்கட்டும்.
* போனில் *#06# அழுத்தி, வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணைத் தனியாகக் குறித்து வையுங்கள்.

டிக்கியைத் திறக்க வேண்டிய இடம் எது?

பலரும் பார்க்கிங்கில் வந்து நின்ற பிறகுதான் லேப்டாப் பையையும் கேமராவையும் எடுத்து டிக்கியில் வைப்பார்கள். யார் பார்க்கக் கூடாதோ, அவர் கண்ணெதிரிலேயே ஒளித்து வைப்பது போலத்தான் இது. பத்து கிலோமீட்டர் முன்னால் டீ குடிக்க நிறுத்தும்போதே இந்த வேலையை முடித்துவிடுங்கள். பார்க்கிங்கில் டிக்கியைத் திறக்கவே கூடாது.

டிக்கியில் வைத்தால் முழுப் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. பல கார்களில் பின் சீட்டை மடக்கினால் டிக்கிக்குள் கைவிடலாம். எம்.யூ.வி., எஸ்.யூ.வி. வண்டிகளில் பின்பக்கம் திறந்தே கிடக்கும். அங்கே ஓர் அழுத்தமான நிறப் போர்வையை முழுக்க விரித்துவிடுங்கள். டிக்கியில் துணிமணி இருக்கலாம். பணமும் நகையும் அங்கேயும் வேண்டாம்.

சார்ஜர் ஒயர், போன் ஸ்டாண்டு, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கேமரா இவையெல்லாம் ‘உள்ளே இன்னும் ஏதோ இருக்கு’ என்று சொல்லும். கழற்ற முடிந்ததைக் கழற்றிவிடுங்கள். சில்லறைக் காசு, காலிப் பைகூடக் கண்ணில் படக் கூடாது. அந்தப் பை காலி என்பது உடைத்துப் பார்த்த பிறகுதானே தெரியும்!

முதலில் ரூம், பிறகு அருவி

இதுதான் பலர் கவனிக்காத விஷயம். மொத்த லக்கேஜோடு கார் நிற்பது பெரும்பாலும் ஊருக்குள் நுழையும் நாளிலும், ரூமைக் காலி செய்யும் நாளிலும்தான். ‘போற வழியில ஒரு குளியல் போட்டுட்டுப் போயிடலாம்’ என்பதுதான் ரொம்ப ரிஸ்க்கான பிளான். ரூம் போட்டு, பெட்டியை வைத்துவிட்டு, வெறும் காரோடு அருவிக்குப் போங்கள். கிளம்பும் நாளில், ‘பெட்டியை ரெண்டு மணி நேரம் ரிசப்ஷன்ல வெச்சுக்கலாமா?’ என்று கேட்டால் பல லாட்ஜ்களில் சரி என்பார்கள்.

அது முடியாவிட்டால் முறை வைத்துக் குளியுங்கள். ஒருவர் பர்ஸ், போன் இருக்கும் பையோடு கரையில் நிற்கட்டும். கோயில்களில் செல்போன் வைக்கும் கவுன்ட்டர் இருந்தால் டோக்கன் வாங்கிக்கொண்டு அங்கே கொடுங்கள். ‘கார்ல யாராவது இருக்கட்டும்’ என்று குழந்தையையோ தாத்தா பாட்டியையோ காவலுக்கு விட்டுப் போகாதீர்கள். வெயிலில் மூடிய கார் சில நிமிடங்களிலேயே அடுப்பாகிவிடும்.

பார்க்கிங்கில் கவனம்

நூறு ரூபாய் பார்க்கிங் கட்டணத்துக்குப் பயந்து ஒதுக்குப்புறத்தில் நிறுத்த வேண்டாம். டோக்கன் தருகிற, கடைகளும் ஆள் நடமாட்டமும் உள்ள இடமே நல்லது. இருட்டுவதற்குள் திரும்ப முடியாது என்றால் விளக்குக் கம்பம் பார்த்து நிறுத்துங்கள்.

ரிமோட்டை அழுத்திக்கொண்டே நடந்துபோவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். ரிமோட் சிக்னலைத் தடுக்கும் கருவிகளும் இருக்கின்றன. பக்கத்தில் நின்று லாக் செய்து, இண்டிகேட்டர் மின்னுவதைப் பார்த்து, கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நான்கு கண்ணாடியும் முழுக்க ஏறியிருக்கட்டும். கொடைக்கானல், ஒகேனக்கல் பக்கமெல்லாம் குரங்குக்கு அரை ஜன்னலே போதும்!

‘சார், பணம் கீழே கிடக்கு!’

பத்து ரூபாய் நோட்டுகளை இறைத்துவிட்டு ‘உங்க பணமா பாருங்க’ என்பது, ‘டயர் பஞ்சர்’, ‘ஆயில் ஒழுகுது’ என்று கை காட்டுவது... பழைய டெக்னிக்தான், இன்றைக்கும் வேலை செய்கிறது. நீங்கள் குனியும் நேரத்தில் இன்னொருவர் மறுபக்கக் கதவைத் திறப்பார். ஓட்டும்போது எல்லாக் கதவும் லாக்கில் இருக்கட்டும். யாராவது அப்படிச் சொன்னால் உடனே இறங்காதீர்கள். பஞ்சரே என்றாலும் மெதுவாக அடுத்த பெட்ரோல் பங்க் வரை நகர்த்திப் போய்ப் பாருங்கள். இறங்கியே ஆக வேண்டுமென்றால், சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

இரவில் தூக்கம் வந்தால் நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தாமல் டோல்கேட்டையோ, வெளிச்சமான பெட்ரோல் பங்கையோ தேடுங்கள். ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு, கழுத்தில் செயினோடு தூங்க வேண்டாம். அதற்காக எல்லாவற்றையும் மூடி, இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யில் தூங்குவதும் ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுத்துவிடும். தேசிய நெடுஞ்சாலையில் உதவி தேவைப்பட்டால் 1033.

உடைத்துவிட்டார்கள்... என்ன செய்வது?

* எதையும் தொடாமல் முதலில் போட்டோ, வீடியோ எடுங்கள். 112-க்கு போன் செய்யுங்கள்.
* போன் போயிருந்தால் முதல் வேலை சிம் கார்டையும் வங்கிக் கணக்கு, யு.பி.ஐ.யையும் முடக்குவது. ஓ.டி.பி. அந்தப் போனுக்குத்தான் வரும். பணம் எடுக்கப்பட்டிருந்தால் உடனே 1930. போலீஸ் புகார் நகலை வைத்து, ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் போனையே பிளாக் செய்யலாம்.
* காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாதீர்கள், எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். ‘எங்க லிமிட் இல்லை’ என்றால், எல்லை எதுவானாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024 ஜூலையில் அமலான புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. நகல் இலவசம்.
* ரிப்பேருக்கு விடும் முன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் எதற்குக் கிடைக்கும்?

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் என்றால் ஒன்றும் கிடைக்காது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி உடைந்த கண்ணாடிக்குக் கைகொடுக்கும். கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவும் கிடையாது. ஆனால் க்ளெய்ம் செய்தால் நோ க்ளெய்ம் போனஸ் போகலாம். அதனால் இரண்டு தொகையையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். உள்ளே இருந்த லேப்டாப், பை, நகை எதுவும் சாதாரண பாலிசியில் வராது. உடைமைகளுக்கென்று தனி ஆட்-ஆன் உண்டு. அதிலும் நகைக்கும் பணத்துக்கும் இடம் இருக்காது. காரே களவுபோனால் கம்பெனி கேட்பது இரண்டு சாவியையும்தான். சாவியை வண்டியிலேயே விட்டிருந்தால் க்ளெய்ம் சிக்கலாகிவிடும்.

இவ்வளவையும் நினைவில் வைக்க முடியவில்லையா? லாக் செய்த பிறகு அரை நிமிடம் காரைச் சுற்றி வந்து, ஒவ்வொரு ஜன்னல் வழியாகவும் உள்ளே பாருங்கள். வெறும் சீட்டும், ஒரு தண்ணீர் பாட்டிலும் மட்டும் தெரிந்தால், நிம்மதியாகக் குளிக்கப் போகலாம்!